போகும்போதும் கிழக்கு, திரும்பும்போதும் கிழக்கு

சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் நியூயார்க்கில் உள்ள மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கையோடு கேட்டிருக்கும் கேள்வி இது: "இரண்டு ஊருக்கும் 15,300 கி.மீ. தூரம் என்கிறார்கள். விமானம் மணிக்கு 900 கி.மீ. பறக்கும் என்றால் 17 மணி நேரத்தில் போய்விட வேண்டும். டிக்கெட்டிலோ பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறது. அதோடு, போகும்போது ஜப்பானைத் தாண்டிப் பசிபிக் கடல் மேலே போனோம். திரும்பும்போது ஐரோப்பா வழியாக வந்தோம். இதில் எது நேர்வழி? நம்மைச் சுற்றலில் விடுகிறார்களா?"

சுற்றலில்தான் விடுகிறார்கள், ஆனால் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக. நீங்கள் போன இரண்டு வழியுமே நேர்வழி இல்லை. விமானங்களுக்குப் பயணத் திட்டம் போடும் அறையில், டிஸ்பாட்ச் என்பார்கள், சில வருடங்கள் இரவுப் பணி பார்த்தவன் நான். அங்கே தூரத்தை 900ஆல் வகுத்து எவரும் நேரம் சொன்னதில்லை. இணையத்தில் தூரம் காட்டும் தளங்கள் அதைத்தான் செய்கின்றன. அந்த எண்ணை நம்பி வரவேற்க வருகிறவர்கள் விமான நிலையத்தில் காத்துக் கிடக்கிறார்கள்.

முதலில் தூரம். இந்த இரண்டு ஊர்களுக்கு மட்டும் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் நீங்களே கணக்கிட்டுவிடலாம். சாங்கி விமான நிலையம் ஏறக்குறைய 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் 73.8 பாகை மேற்கில். கூட்டினால் 177.8. அதாவது, உலக உருண்டையில் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ முதுகுப்புறம். அப்படி இருக்கும் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய பாதை, கிழக்கிலும் போகாது, மேற்கிலும் போகாது. வட துருவத்தை ஒட்டிப் போகும். சாங்கி 1.36 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால் அங்கிருந்து துருவத்துக்கு 88.64 பாகை. கென்னடி 40.64இல் இருப்பதால் துருவத்திலிருந்து அதற்கு 49.36 பாகை. இரண்டும் சேர்ந்து 138. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 15,346 கி.மீ. வருகிறது. வெளியிடப்படும் தூரம் இதிலிருந்து சில கிலோமீட்டர்தான் தள்ளி நிற்கும். பூமியின் முழுச் சுற்றளவே 40,000 கி.மீ.தான், எந்த ஊரிலிருந்தும் எந்த ஊரும் 20,000 கி.மீ.க்கு மேல் தள்ளியிருக்க முடியாது. அதில் முக்கால் பங்குக்கு மேல் இந்த ஒரே பயணத்தில் போய்விடுகிறது.

(சென்னைக்கும் இதே கூட்டலைப் போட்டுப் பார்க்காதீர்கள். சென்னை 80 பாகை கிழக்கில் இருக்கிறது, நியூயார்க்குக்கு முதுகுப்புறம் இல்லை. துருவத்துக்குப் போய் இறங்குவது அங்கிருந்து சுற்று வழி. முறையாகக் கணக்கிட்டால் சென்னை–நியூயார்க் சுமார் 13,475 கி.மீ. வருகிறது, சிங்கப்பூரைவிட 1,800 கி.மீ.க்கு மேல் குறைவு. ஆனாலும் நில்லாமல் போகும் விமானம் சிங்கப்பூருக்கு இருக்கிறது, சென்னைக்கு இல்லை. தூரம் குறைவாக இருந்தால் மட்டும் விமானம் வந்துவிடாது; அதிக விலை கொடுத்து முன் வரிசையில் உட்காரும் வியாபாரப் பயணிகள் நாள் தவறாமல் வேண்டும்.)

சுவரில் மாட்டிய வரைபடத்தில் இந்தத் துருவப் பாதை தெரியவே தெரியாது. ஒரு பூகோள உருண்டையும் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஒரு முனையை அழுத்தி, நியூயார்க்கில் மறுமுனையை வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், சீனா, மங்கோலியா, பைக்கால் ஏரிப் பக்கம், சைபீரியாவின் வட கோடி என்று ஏறி, துருவத்துக்குச் சுமார் 300 கி.மீ. பக்கத்தில் உரசி, கனடாவின் பனித்தீவுகள் வழியாகக் கியூபெக்கில் இறங்கி நியூயார்க்கைத் தொடும். பெருவட்டப் பாதை என்பது இதுதான். தளங்கள் காட்டும் 15,300 இந்த நூலின் நீளம்.

அந்த வழியே ஏன் போவதில்லை? 2022 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உட்படப் பல நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியைத் தவிர்ப்பது ஒரு காரணம். கடுங்குளிரில் எரிபொருள் உறையும் நிலையை நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. விமான எரிபொருளின் உறைநிலை வகையைப் பொறுத்து மைனஸ் 40, மைனஸ் 47 டிகிரி. ஆனால் ரஷ்யா நாளைக்கே கதவைத் திறந்துவிட்டாலும் பல இரவுகளில் விமானம் பசிபிக் பக்கம்தான் திரும்பும். ஏனென்றால் மூன்றாவது காரணம் காற்று, அதுதான் பெரியது.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு ஓடுகிறது. ஜெட் காற்றோட்டம் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சில நூறு கி.மீ. அகலம், ஆயிரக்கணக்கான கி.மீ. நீளம். மணிக்கு 150, 200 கி.மீ. என்பது அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே 300ஐயும் தாண்டும். உலகத்தில் இந்தக் காற்று மிக வலுவாக வீசும் இடங்களில் ஒன்று அது.

அதனால்தானோ என்னவோ, அதை முதலில் முறையாக அளந்தவரும் ஜப்பானியர். வசாபுரோ ஓயிஷி என்ற வானிலை அறிஞர் 1920களில் தத்தேனோ என்ற இடத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, மேலே இவ்வளவு வேகமான மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, இருக்கிறது என்று கண்டார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, 1926இல் அந்த அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். எல்லாருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட அந்த மொழியில் எழுதியதாலேயே அதை அநேகமாக யாரும் படிக்கவில்லை! 1944இல் ஜப்பான் மீது குண்டு போடப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் திணறியபோதுதான் அமெரிக்கர்களுக்கு விஷயம் உறைத்தது. 1952 நவம்பரில் பான் அமெரிக்கன் நிறுவனம் டோக்கியோவிலிருந்து ஹொனலுலுவுக்குப் போன விமானத்தை வேண்டுமென்றே அந்தக் காற்றில் ஏற்றிவிட்டது. 18 மணி நேரப் பயணம் பதினொன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. அதே விமானம், அதே எஞ்சின்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். டிஸ்பாட்ச் அறையில் இரண்டு தூரங்கள் உண்டு. ஒன்று தரைத் தூரம்: கீழே பூமியில் அளந்தால் எத்தனை கி.மீ. என்பது. மற்றது காற்றுத் தூரம்: விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கிழித்துக்கொண்டு எத்தனை கி.மீ. போக வேண்டும் என்பது. எரிபொருளும் நேரமும் இரண்டாவதற்குத்தான் செலவாகின்றன. விமானத்தின் 900 கி.மீ. என்பதும் காற்றுக்குள் அதன் வேகம்தான். ஓடும் ஆற்றில் படகு விடுகிறவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். துருவ வழி 15,346 கி.மீ.; சராசரியாக மணிக்கு 20 கி.மீ. எதிர்க்காற்று என்று வையுங்கள். தரையை வைத்துப் பார்த்தால் விமானம் மணிக்கு 880 கி.மீ. நகர்கிறது. நேரம் 17 மணி 26 நிமிடம். பசிபிக் வழி 16,500 கி.மீ., ஆயிரத்துக்கும் மேல் அதிகம். ஆனால் முழு வழிக்கும் சராசரியாக 80 கி.மீ. பின்காற்று கிடைத்தால் மணிக்கு 980 கி.மீ. நகர்கிறது. நேரம் 16 மணி 50 நிமிடம். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டவன் முந்திவிட்டான். காற்றுத் தூரத்தைக் கணக்கிட்டால் இன்னும் வேடிக்கை: பசிபிக் வழிக்கு 15,150 கி.மீ.தான் வருகிறது, நூலின் நீளத்தைவிடவும் குறைவு. காற்று வேகங்கள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை. உண்மையில் எல்லா இரவும் 80 கிடைக்காது. சிங்கப்பூரிலிருந்து தைவான் பக்கம் போய்ச் சேரும் வரைக்கும் வெப்பமண்டலம். அங்கே இந்த ஜெட் காற்றோட்டம் கிடையாது. முதல் சில மணி நேரம் சொந்தக் காலில்தான் நடக்க வேண்டும்.

இந்தக் காற்றை முன்கூட்டியே கணித்துத் தர, உலக விமானப் போக்குவரத்துக்கென்று லண்டன், வாஷிங்டன் என்ற பெயர்களில் இரண்டு மையங்கள் இருக்கின்றன. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை புதிய கணிப்பு வரும். ஒவ்வொரு உயரத்திலும் காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்று கணினிக்குள் போய்விடும். கணினி பல பாதைகளை ஓட்டிப் பார்த்து வரிசைப்படுத்தும். இரவுப் பணியில் எனக்குப் பிடித்த கணம் அது. நேற்று அலாஸ்காவுக்குத் தெற்கே போன பாதை இன்றைக்கு ஆயிரம் கி.மீ. கீழே இறங்கியிருக்கும், ஆற்றின் போக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான். அதனால் அதே எண்ணுள்ள விமானம் இரண்டு நாள் ஒரே வழியில் போவது அபூர்வம்.

திரும்பி வருவதையும் இப்போது நீங்களே ஊகித்துவிடலாம். வந்த வழியே திரும்பினால் பசிபிக் மேல் அந்த ஆற்றை எதிர்த்து நீந்த வேண்டும். அதனால் நியூயார்க்கில் கிளம்பும் விமானம் பெரும்பாலும் மறுபடியும் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக் பக்கம் பாய்கிறது. அங்கேயும் அதே மேல்காற்று முதுகில் தள்ளும். ஐரோப்பா, துருக்கிப் பக்கம், ஆசியாவின் நடுப்பகுதி, இந்தியா, வங்காள விரிகுடா, சிங்கப்பூர். நாட்டு எல்லைகளில் சண்டை மூண்டால் நடுவில் வழி மாறும். ஆக, மகளைப் பார்க்கப் போன நீங்கள் உலகத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கிறீர்கள். டிக்கெட்டில் அதற்குத் தனியாகக் கட்டணம் போடவில்லை.

நம் பாய்மரக் கப்பல்காரர்களுக்கு இது வியப்பாக இருக்காது. நாகப்பட்டினத்திலிருந்து கடாரத்துக்கு ஒரு பருவக்காற்றில் போய், திரும்ப எதிர்ப்பருவம் வரும்வரை மாதக்கணக்கில் அங்கேயே காத்திருந்தவர்கள் அவர்கள். விமானத்துக்குக் காத்திருக்க நேரமில்லை. காற்று திரும்பாவிட்டால் விமானமே உலகத்தைச் சுற்றிவிடுகிறது.

கோடையில் திரும்பும் வழியில் ஒரு சங்கடம் உண்டு. தென்மேற்குப் பருவ மழை மாதங்களில் இந்தியாவின் தென்பகுதிக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக வேறொரு ஜெட் காற்றோட்டம் வீசும். இந்திய வானிலை அறிஞர் கோடீஸ்வரம் 1950களில் விளக்கிய காற்று அது. அந்தப் பகுதியில் விமானத்துக்கு அது எதிர்க்காற்று. குளிர்காலத்திலோ வட இந்தியாவுக்கு மேலே மேற்கிலிருந்து வரும் காற்றே வீசும், பின்காற்றாக உதவும். ஜனவரிப் பயணமும் ஜூலைப் பயணமும் ஒரே நேரம் எடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்க்காற்றில் இழப்பதும் பின்காற்றில் பெறுவதும் சமமாகிவிடும், போய் வந்தால் கணக்குச் சரி என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. 15,000 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம்: காற்றே இல்லையென்றால் 16 மணி 40 நிமிடம். 100 கி.மீ. பின்காற்று இருந்தால் 15 மணி. லாபம் 1 மணி 40 நிமிடம். அதே 100 எதிர்க்காற்றானால் 18 மணி 45 நிமிடம். நஷ்டம் 2 மணி 5 நிமிடம். எதிர்க்காற்றில் விமானம் மெதுவாக நகர்வதால், அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறது. நஷ்டம் எப்போதும் லாபத்தைவிடப் பெரியது. இரண்டு பக்கமும் கிழக்கே போகும் தந்திரத்தின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது.

டிக்கெட்டில் இருக்கும் நேரத்துக்கு வருவோம். அது பறக்கும் நேரம் அன்று. கதவு மூடி விமானம் பின்னால் தள்ளப்படும் கணத்திலிருந்து, மறு ஊரில் வாயிலில் வந்து நிற்கும் கணம் வரைக்குமான நேரம். கென்னடியில் மாலை வேளையில் ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பதே அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே போடப்படுகிறது. அன்றைக்குக் காற்று எப்படி இருக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? அதனால் அந்தப் பருவத்தின் காற்றுகளைப் பார்த்து, பெரும்பாலான நாட்களில் தாமதமாகாத ஓர் எண்ணைப் போடுகிறார்கள். 2018 அக்டோபரில் இந்த வழித்தடம் மீண்டும் தொடங்கியபோது, முதல் விமானம் 18 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே எடுத்துக்கொண்டு முன்கூட்டியே நியூவார்க்கில், நியூயார்க்கை அடுத்துள்ள இன்னொரு விமான நிலையத்தில், இறங்கியது. ‘சீக்கிரம் வந்துவிட்டோம்’ என்று விமானி அறிவித்தால் அவர் விரட்டி ஓட்டினார் என்று எண்ண வேண்டாம்.

‘மீண்டும்’ என்றேன். முதல் முறை 2004 ஜூனில், நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில் தொடங்கினார்கள். எரிபொருள் விலை ஏறியது. 2008இல் அந்த விமானத்தில் வெறும் 100 பிசினஸ் இருக்கைகளை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். அதுவும் கட்டவில்லை; 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு எஞ்சினில் அந்தத் தூரம் போகும் ஏ350-900 யூ.எல்.ஆர். வந்த பிறகுதான் 2018இல் திரும்பவும் உயிர் வந்தது. கென்னடிக்கான சேவை 2020 நவம்பரில் தொடங்கியது, கொரோனாவின் நடுவே.

இந்த யூ.எல்.ஆர். விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையில் சொன்னால் சுமார் 132 டன். விமானம் தரையை விட்டுக் கிளம்பும்போது அதன் அதிகபட்ச எடையே 280 டன்தான். ஏறத்தாழ பாதி எண்ணெய்! கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளையும் முதல் மணி நேரத்திலிருந்தே சுமக்க வேண்டும். சுமப்பதற்கும் எரிபொருள் செலவாகும். அதனால்தான் இருக்கைகள் 161 மட்டும்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. இதே நிறுவனத்தின் வழக்கமான நீண்ட தூர ஏ350இல் 253 பேர் போவார்கள். சாதாரண எகானமி இருக்கை இதில் ஒன்றுகூட இல்லை. உங்கள் டிக்கெட் விலை ஏன் அப்படிக் கடித்தது என்பதற்கு விடை இதுதான்.

விலை கட்டாது என்றால் பிராங்க்பர்ட்டில் நின்று போகும் அதே நிறுவனத்தின் விமானம் இருக்கிறது. சிங்கப்பூர்–பிராங்க்பர்ட் சுமார் 10,300 கி.மீ., அங்கிருந்து நியூயார்க் 6,200. மொத்தம் 16,500, பசிபிக் வழியே நில்லாமல் போகும் தூரத்துக்குக் கிட்டத்தட்ட சமம். நேரம் மட்டும் ஏறக்குறைய 24 மணி ஆகிறது. இரண்டு பகுதியிலும் மேற்கு நோக்கிப் போவதால் காற்று எதிரில். நடுவில் நிற்கும் நேரம் வேறு. எனக்கு முழங்கால் வலி உண்டு, நான் அந்த விமானத்தையே எடுப்பேன். நடுவில் இறங்கி நடக்க ஒரு வாய்ப்பு கிடைப்பது அறுபது வயதுக்கு மேல் சிறிய விஷயம் இல்லை.

நாள் கணக்கில் குழம்பாமல் இருக்க ஒரு வார்த்தை. நியூயார்க் கோடையில் சிங்கப்பூருக்கு 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. நள்ளிரவையொட்டி சிங்கப்பூரில் கிளம்பினால், பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தும், நியூயார்க்கில் அதே இரவின் விடிகாலையில் இறங்குவீர்கள். திரும்பும்போது அதற்கு வட்டியோடு கட்ட வேண்டும்: செவ்வாய் இரவு கிளம்பினால் சிங்கப்பூரில் வியாழன் அதிகாலை. புதன்கிழமை என்று ஒன்று வானத்திலேயே முடிந்துவிடும். வரவேற்க வருகிறவரிடம் ‘மறுநாள்’ என்று சொல்லாமல் தேதியைச் சொல்லுங்கள்.

போகும் பயணத்தில் சன்னலோர இருக்கை கிடைத்தால் இன்னொன்று பார்க்கலாம். பசிபிக் மேலே ஒரு விடியல் வரும். கிழக்கே விரைவதால் அந்தப் பகல் சீக்கிரமே கரைந்து மறுபடியும் இருட்டும், நியூயார்க் பக்கம் இரண்டாவது விடியல். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை, இலங்கையின் கொக்கல ஏரிக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இடையே கேட்டலினா என்ற கடல் விமானங்கள் இரகசியமாகப் பறந்தன. வழி 5,600 கி.மீ.க்கும் அதிகம், வேகம் குறைவு, ரேடியோவைத் தொடக்கூடாது, நட்சத்திரம் பார்த்துத்தான் வழி. 27 முதல் 33 மணி நேரம் ஒரே மூச்சாகப் பறந்ததால் அதில் போனவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு விடியல்களைப் பார்த்தார்கள். ‘இரட்டை விடியல்’ என்றே அந்தப் பயணத்துக்குப் பெயர் வந்தது. அன்று மெதுவாகப் போனதால் கிடைத்த காட்சி. இன்று சூரியனை எதிர்கொண்டு விரைவதால் கிடைக்கிறது.

அடுத்த முறை திரையில் வரைபடத்தைத் திறக்கும்போது, தரை வேகம் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் காற்று என்று இன்னோர் எண் இருக்கும், விமானம் அதைக் காட்டும் வகையாக இருந்தால். ஜப்பானைத் தாண்டியதும் தரை வேகம் 900இலிருந்து 1,050, 1,100 என்று ஏறுவதைப் பாருங்கள். விமானி எதையும் தொட்டிருக்க மாட்டார்.